அயோவா டவுன்ஷிப்பில் முதல் குடும்பங்கள்: பேட்டண்டில் இருக்கும் பெயரை அப்படியே எழுதலாமா?

சோளக்காடு எழுதியது:

இடம்: அமெரிக்காவின் அயோவா மாநிலம், ஸ்டோரி கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி). ஊர் நூலகத்துக்கு ஒரு சுவர் வரைபடம் தயாராகிறது. ஒரே ஒரு டவுன்ஷிப், 36 செக்‌ஷன், ஒவ்வொரு துண்டிலும் முதலில் வந்த குடும்பத்தின் பெயர். கையில் இருப்பது நூறு வருஷத்துக்கு மேல் பழசான பிளாட் புக்கின் (நிலச் சொந்தக்காரர் பெயர் போட்ட வரைபடப் புத்தகம்) ஒரு பக்கம், கல்லறைப் பட்டியல், ஜி.எல்.ஓ. (மத்திய அரசின் பழைய நில அலுவலகம்) இணையதளத்தில் இறக்கிய பேட்டண்டுகள் (அரசு நிலத்தை முதல்முதலாக ஒருவர் பேருக்கு எழுதிக் கொடுத்த பத்திரங்கள்).

மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. பேட்டண்டில் வரும் பாதிப் பேர் பிளாட் புக்கிலும் இல்லை, கல்லறையிலும் இல்லை. ஒரே ஆள் பேரில் பதினொரு துண்டு இருக்கிறது. சில பேட்டண்டில் இரண்டு பெயர் வருகிறது, அதில் ஒன்று யாரோ ஒரு சிப்பாயின் விதவை. செக்‌ஷன் 16க்கு ஒரு பேட்டண்ட்கூட வரவில்லை. வடக்கு ஓரத்தில் 40 ஏக்கர் இருக்க வேண்டிய கட்டங்களில் 37.62, 43.10 என்று கணக்கு உதைக்கிறது. எந்தப் பெயரை எழுதுவது? எந்த ஆவணத்தை முதலில் நம்புவது?

---

சங்கிலி66 எழுதியது:

பெயரை வைத்துத் தேடத் தொடங்கினால் இப்படித்தான் சிக்கும். நம் ஊரில் சர்வே எண் இல்லாமல் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமா? அங்கேயும் அப்படித்தான். நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர்கள் தானாக வரும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விவரணை உண்டு. உதாரணமாக: "தென்மேற்குக் கால், வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 83 வடக்கு, ரேஞ்ச் 22 மேற்கு, ஐந்தாவது பிரின்சிபல் மெரிடியன்." இதை வாலிலிருந்து தலைக்குப் படிக்க வேண்டும். பிரின்சிபல் மெரிடியன் என்பது அளவை தொடங்கும் தெற்கு வடக்குக் கோடு. ரேஞ்ச் எண் அதிலிருந்து மேற்கே எத்தனையாவது கட்டம், டவுன்ஷிப் எண் வடக்கே எத்தனையாவது கட்டம். டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். செக்‌ஷன் ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். அதன் வடகிழக்குக் கால் 160 ஏக்கர். அந்தக் காலின் தென்மேற்குக் கால் 40 ஏக்கர். இரண்டு கால்களுக்கும் நடுவில் "அண்ட்" வந்துவிட்டால் கதை மாறும். அப்போது அது 40 இல்லை, இரண்டு தனித்தனிக் கால்கள், 320 ஏக்கர். வரைபடம் போடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது.

எண் வரிசையும் பழகாதவர்களைக் குழப்பும். வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். 6க்கு நேர் கீழே 7, அங்கிருந்து கிழக்கே 12 வரை. ஏர் ஓட்டும்போது வரப்போரம் மாடு திரும்புகிற மாதிரி வளைந்து வளைந்து இறங்கி, தென்கிழக்கு மூலையில் 36இல் நிற்கும்.

37.62 ஏக்கர் தப்பில்லை. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதனால் வரும் குறைவையும், சங்கிலி இழுத்ததில் வந்த பிழையையும் சேர்த்து டவுன்ஷிப்பின் வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் தள்ளிவிடுவதுதான் விதி. வடக்கே 1 முதல் 6 வரை, மேற்கே 6, 7, 18, 19, 30, 31. இந்தச் செக்‌ஷன்களின் வெளி ஓரத் துண்டுகளுக்குக் கால் பெயர் சொல்லாமல் பெரும்பாலும் "லாட் 1, லாட் 2" என்று எண் கொடுத்திருப்பார்கள். பேட்டண்டில் உள்ள ஏக்கரை அப்படியே எழுதுங்கள். 40 என்று ரவுண்டு பண்ணிவிட்டால் பின்னால் வரும் கிரயங்களில் லாட்டை அடையாளம் காண முடியாது.

அளந்த சங்கிலி நமக்கும் பழக்கமானதே. 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒரு சென்ட் என்றால் ஆயிரம் சதுர லிங்க் என்று நம் புல வரைபடங்களில் போடும் கணக்கும் இதே சங்கிலியில் பிறந்ததுதான். 40 ஏக்கர் துண்டின் ஒரு பக்கம் சரியாக 20 சங்கிலி, 1320 அடி.

செக்‌ஷன் 16 பள்ளிக்கூடத்து நிலம். 1785 நில ஆணையிலேயே ஒதுக்கிவிட்டார்கள். அயோவா 1846இல் மாநிலமானபோது அது மாநிலத்துக்குப் போய், கவுன்ட்டி வழியாகத் துண்டு துண்டாக விற்கப்பட்டது. மத்திய அரசு விற்காத நிலத்துக்கு மத்திய அரசின் பேட்டண்ட் எப்படி இருக்கும்? மாநிலம் கொடுத்த பேட்டண்ட்தான் இருக்கும். அயோவா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தின் நிலப் பதிவுகளில் பாருங்கள். இது தவணை வியாபாரம் என்பதையும் மறக்க வேண்டாம். முழுப் பணமும் கட்டிய பிறகுதான் பேட்டண்ட் கொடுத்தார்கள். நிலத்தில் ஆள் உட்கார்ந்து பல வருஷம் கழித்துக்கூட அதில் தேதி விழுந்திருக்கும்.

இன்னொன்று. சர்வே டவுன்ஷிப் வேறு, நிர்வாக டவுன்ஷிப் வேறு. பல இடங்களில் இரண்டும் ஒரே கட்டம்தான். ஆனால் தொடக்க வருஷங்களில் ஒரு நிர்வாக டவுன்ஷிப்பே பாதிக் கவுன்ட்டிக்கு விரிந்திருக்கும், பிறகு பிரிப்பார்கள். சென்சஸ் எடுத்தது நிர்வாக டவுன்ஷிப் வாரியாக. 1856இல் ஒரு குடும்பம் பக்கத்து டவுன்ஷிப் பெயரில் இருந்தால் அவர்கள் இடம் மாறிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். கோடு மாறியிருக்கலாம்.

---

தாய்ப்பத்திரம் எழுதியது:

மேலே சொன்னது அளவை பற்றியது. பேட்டண்டில் இருக்கும் ஆள் விஷயத்துக்கு வருகிறேன்.

"எங்கள் தாத்தாவுக்கு அரசாங்கம் சும்மா கொடுத்த ஹோம்ஸ்டெட்" என்று அயோவாவில் பல குடும்பங்கள் சொல்லும். பெரும்பாலும் அது சரியில்லை. ஹோம்ஸ்டெட் சட்டம் 1862 மே 20இல் கையெழுத்தாகி 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அயோவாவின் நல்ல நிலம் பெரும்பாலும் போய்விட்டது. மூன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் உள்ள மாநிலத்தில் ஹோம்ஸ்டெட்டாகப் போனது ஏறக்குறைய ஒன்பது லட்சம் ஏக்கர்தான், அதுவும் வடமேற்கில் அதிகம். மற்றதெல்லாம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு ரொக்கம், ராணுவ வாரண்ட், ரயில்வே மானியம், சதுப்பு நில மானியம், பள்ளி நிலம். பேட்டண்டின் தலைப்பிலேயே எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதியிருக்கும். அதை ஒரு தனிப் பத்தியாக உங்கள் அட்டவணையில் சேருங்கள்.

உங்கள் விதவைப் புதிர் வாரண்டில் அவிழும். 1847, 1850, 1852, 1855 சட்டங்களின்படி பழைய போர்வீரர்களுக்கும் அவர்களது விதவைகளுக்கும் நிலத்துக்கான சீட்டு கொடுத்தார்கள், அதுதான் வாரண்ட். 1855 சட்டத்தில் 160 ஏக்கர் வரை. பெரும்பாலோர் அதைக் கையோடு விற்றார்கள். சீட்டு கைமாறிச் சந்தைக்கு வந்தது, பல சமயம் அரசு விலையைவிட மலிவாக. பேட்டண்டில் முதலில் வருவது சீட்டு யாருக்கு வழங்கப்பட்டதோ அவர் பெயர். "அசைன்ட் டு" என்பதற்குப் பிறகு வருவதுதான் நிலம் பெற்றவர். அந்த விதவை அயோவா மண்ணை மிதித்திருக்க வேண்டியதே இல்லை. அவர் பெயரை வரைபடத்தில் போட்டுவிடாதீர்கள்.

பதினொரு துண்டுக்காரர் யார் என்றும் ஊகிக்கலாம். அவர் நிலத் தரகராகவோ வட்டிக்கு விடுகிறவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அயோவாவில் 1850களில் "டைம் என்ட்ரி" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருவர் நிலத்தில் குடிசை போட்டு உழுதுகொண்டிருப்பார், ஏலத்தில் கட்ட 200 டாலர் இருக்காது. வட்டிக்காரர் தன் வாரண்டைக் கொடுத்து நிலத்தைத் தன் பெயரில் எடுப்பார். குடியானவரிடம் "ஒரு வருஷத்தில் இவ்வளவு கட்டினால் நிலம் உனக்கு" என்று பாண்ட் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையில் வட்டியும் லாபமும் அடக்கம், முப்பது நாற்பது சதவீதம்கூடப் போகும். கட்டி முடித்ததும் கிரயம் ஆகும். ஆக, ஆவணத்தில் முதல் உடைமையாளர் வட்டிக்காரர், மண்ணில் முதல் குடும்பம் வேறு. நிலத்தை எடுத்த தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் அதே ஆள் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அதே 40ஐயோ 80ஐயோ விற்றிருந்தால் இந்த ஏற்பாடாக இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தேதியிலும் ஒரு கண் வையுங்கள். பணம் கட்டிய நாள் வேறு, வாஷிங்டனிலிருந்து பேட்டண்ட் வந்த நாள் வேறு. இடையில் ஒன்றிரண்டு வருஷம் ஓடும். யார் முந்தி என்ற கேள்விக்குப் பேட்டண்ட் தேதி உதவாது. டிராக்ட் புக்கில் (நில அலுவலகம் துண்டு வாரியாக எழுதிய பதிவேடு) உள்ள என்ட்ரி தேதிதான் வேண்டும்.

---

சோளக்காடு எழுதியது:

இப்போது புரிகிறது. பதினொன்றில் ஏழு துண்டு வாரண்ட். அப்படியானால் உண்மையில் குடியிருந்தவரை எந்தப் பதிவில் பிடிப்பது? கோர்ட்ஹவுஸில் எங்கே தொடங்குவது? அங்கே உள்ள இண்டெக்ஸ் புத்தகங்களில் அகர வரிசையே சரியாக இல்லை.

---

ரெக்கார்டர் ஜன்னல் எழுதியது:

அகர வரிசை இருக்காதுங்க. முதல் எழுத்துப்படி பக்கம் ஒதுக்கி, பதிவான தேதி வரிசையில் எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். "ஜே" பக்கத்தில் உள்ள எல்லா ஜான்சனையும் வரி வரியாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதனால் முதலில் ரெக்கார்டரிடம் (பத்திரம் பதிகிறவர்) போகாதீர்கள், ஆடிட்டரிடம் (கவுன்ட்டியின் கணக்கு அதிகாரி) போங்கள். அயோவா கவுன்ட்டி ஆடிட்டர் "டிரான்ஸ்ஃபர் புக்" வைத்திருப்பார். அது பெயர் வாரியாக இல்லை, நிலம் வாரியாக இருக்கும். செக்‌ஷன் 14 பக்கத்தைத் திறந்தால் அந்த மண்ணில் நடந்த கைமாற்றங்கள் வரிசையாகக் கிடைக்கும், பதிவுப் புத்தக எண், பக்க எண்ணோடு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ரெக்கார்டர் அலுவலகத்துக்குப் போனால் நேராகப் பத்திரத்தையே திறக்கலாம். இணையத்தில் உள்ள அயோவா லேண்ட் ரெக்கார்ட்ஸ் சமீப காலப் பதிவுகளுக்குத்தான். 1850களுக்குப் புத்தகமோ மைக்ரோஃபிலிமோதான் கதி.

இதைவிடக் குறுக்கு வழி ஒன்று உண்டு. டைட்டில் இன்ஷூரன்ஸ் (நில உரிமையில் குறை வந்தால் ஈடு தரும் காப்பீடு) விற்க அனுமதிக்காத மாநிலம் அயோவா, 1947 முதல். அதனால் இன்றும் நிலம் கைமாறும்போது "அப்ஸ்ட்ராக்ட்" என்ற கட்டை வக்கீல் படித்துப் பார்த்து ஒப்பினியன் எழுதுகிறார். நம் வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரச் சுருக்கமும் ஒன்றாகத் தைத்த மாதிரி இருக்கும். முதல் பதிவு யுனைடெட் ஸ்டேட்ஸிலிருந்து தொடங்கும், பிறகு ஒவ்வொரு கிரயம், அடமானம், விடுதலை, வாரிசு வழக்கு. பண்ணை வீடுகளில் பீரோவிலோ பேங்க் லாக்கரிலோ கிடக்கும். நிலச் சொந்தக்காரரிடம் முதல் பத்துப் பதிவுகளை மட்டும் படம் எடுக்கக் கேளுங்கள். ஒரு வாரக் கோர்ட்ஹவுஸ் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

உரிமைச் சங்கிலி எங்கே அறும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். அப்பா பேரில் இருந்த நிலத்தை மகன் விற்கிறார், நடுவில் பத்திரமே இல்லை என்றால் அப்பா இறந்திருப்பார். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் கிளார்க்கிடம் புரோபேட் (இறந்தவர் சொத்துப் பங்கீடு) கோப்பைப் பாருங்கள், வாரிசுகள் எல்லோர் பெயரும் அதில் ஊரோடு இருக்கும். ஷெரிஃப் டீட் என்றால் கடனில் போனது. 1857 பணநெருக்கடிக்குப் பிந்தைய சில வருஷங்களில் இது நிறையக் கண்ணில் படும். மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு டவர் உரிமையை (கணவர் நிலத்தில் மனைவிக்குள்ள பங்கு) விட்டுக்கொடுக்கும் வரியைத் தாண்டிப் போகாதீர்கள். மனைவி பெயர் முதல்முறையாக எழுத்தில் வருவது பல குடும்பங்களுக்கு அந்த வரியில்தான்.

பெயர் மாறுவது பற்றி: ஸ்டோரி கவுன்ட்டியின் வடக்கே, ரோலண்ட், ஸ்டோரி சிட்டிப் பக்கம், நார்வேக்காரர்கள் அதிகம். அவர்கள் வழக்கம் நம் இனிஷியல் மாதிரி. யோன் மகன் ஊலே என்றால் ஊலே யோன்சன், அவர் மகன் லார்ஸ் என்றால் லார்ஸ் ஊல்சன். மூன்றாவதாக, பிறந்த ஊர்ப் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஊரில் நாலு ஊலே ஜான்சன் இருந்தால் தபால் மாறுகிறதே என்று பண்ணைப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்கள் உண்டு. பேட்டண்டில் ஜான்சன், கல்லறையில் வேறு பெயர் என்றால் இரண்டு குடும்பம் என்று எண்ணாமல் சர்ச் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

குடியிருந்தாரா என்பதற்கு: 1856 மாநிலச் சென்சஸில் "மாநிலத்தில் எத்தனை வருஷம்" என்றும் "நில உடைமையாளரா" என்றும் பத்திகள் உண்டு. வரிப் பட்டியலில் நிலவரி மட்டும் கட்டி, மாடு குதிரைக்கான வரி கட்டாதவர் அநேகமாக வெளியூர்க்காரர். 1850 முதல் 1880 வரையிலான மத்திய விவசாய அட்டவணைகளில் உழுத ஏக்கர், உழாத ஏக்கர் தனித்தனியாக வரும். 1880இல் சொந்தமா, பணக் குத்தகையா, வாரமா என்றும் கேட்டிருக்கிறார்கள். 1890 மத்திய சென்சஸைத் தேட வேண்டாம், 1921 தீ விபத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. அந்த ஓட்டையை 1885, 1895 மாநிலச் சென்சஸ்களால் அடைக்கலாம்.

---

ஈரப்புல் எழுதியது:

ஒன்று விட்டுப்போய்விட்டது. நடு அயோவாவின் பாதி நிலம் அன்று தண்ணீரில் நின்றது. பனிப்பாறை விட்டுப்போன தட்டைப் பூமி, வடிய வழி கிடையாது. முதலில் வந்தவர்கள் ஆற்றோரத்து மரக்காட்டை ஒட்டித்தான் எடுத்தார்கள். விறகு வேண்டும், வேலிக்கு மரம் வேண்டும், கிணற்றுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். இன்று ஏக்கருக்கு அடித்துக்கொள்கிற கறுப்பு மண் அப்போது கொக்கு மேய்ந்த சதுப்பு. பிளாட் புக்கில் நடுச் செக்‌ஷன்களில் மட்டும் பெயர்கள் காலம் தாழ்ந்து வருவதற்கு இதுதான் காரணம், சோம்பல் இல்லை.

1850 சதுப்பு நிலச் சட்டப்படி அப்படிப்பட்ட துண்டுகள் மாநிலத்துக்குப் போயின, அயோவா அவற்றைக் கவுன்ட்டிகளிடம் கொடுத்தது. ஆகவே ஜி.எல்.ஓ.வில் பெறுபவர் பெயராக "ஸ்டேட் ஆஃப் அயோவா" என்று வந்தால் தேடல் முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். அடுத்த கண்ணி கவுன்ட்டி கொடுத்த டீட். 1856 மே மாத ரயில்வே மானியத்திலும் இதே மாதிரிதான். பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்கள் கம்பெனிக்கு. பாதைக்குப் பக்கத்தில் ஒற்றைப்படைச் செக்‌ஷன் மட்டும் காலியாகத் தெரிந்தால் ரயில்வே கம்பெனியிடமிருந்து வாங்கிய பத்திரத்தைத் தேடுங்கள்.

தாய்ப்பத்திரம் சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. பல துண்டு வைத்திருப்பவர் எல்லோரும் வட்டிக்காரர் இல்லை. மேட்டு நிலத்தில் 80 ஏக்கரும், விறகுக்கு ஆற்றோரத்தில் நாலு மைல் தள்ளி 10 ஏக்கரும் வைத்திருந்த குடியானவர்கள் நிறையப் பேர். மரக்காட்டுத் துண்டை ஐந்தும் பத்துமாகப் பிரித்து விற்றிருப்பார்கள். பிளாட் புக்கில் ஆற்றை ஒட்டிச் சீப்புப் பல் மாதிரி மெல்லிய கட்டங்கள் தெரிந்தால் அவை விறகுத் துண்டுகள். அங்கே குடும்பம் இருந்ததாக எழுத வேண்டாம்.

---

தாய்ப்பத்திரம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பதினொன்றும் 160, 120 அளவிலான துண்டுகள் என்றால் தரகர். பத்தும் இருபதுமாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரி.

வரைபடத் தலைப்பு பற்றி ஒன்று. "முதல் குடும்பங்கள்" என்று போடாதீர்கள். அப்ஸ்ட்ராக்ட் யுனைடெட் ஸ்டேட்ஸிலிருந்து தொடங்குவது சட்ட வசதிக்காக. அதற்கு முன்னால் 1842 அக்டோபர் 11 ஒப்பந்தம் இருக்கிறது. சாக், மெஸ்குவாக்கிப் பழங்குடி மக்கள் நடு அயோவாவை விட்டுக்கொடுத்து, 1845 அக்டோபருக்குள் மேற்கே போக வேண்டும் என்று எழுதியது அதுதான். மெஸ்குவாக்கிகளில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து, 1857இல் டாமா கவுன்ட்டியில் அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கரைத் தங்கள் பணத்தில் விலைக்கு வாங்கினார்கள். நிலம் ஆளுநர் பெயரில் அவர்களுக்காக எழுதப்பட்டது. பிறகு வாங்கி வாங்கிச் சேர்த்து இன்று எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். ஸ்டோரிக்கு அடுத்தது மார்ஷல் கவுன்ட்டி, அதற்கு அடுத்தது டாமா. பார்க்க வருகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள். "பேட்டண்ட் பெற்றவர்கள்" என்று தலைப்பு இருந்தால் சண்டை இல்லை, உண்மையும் அதுதான்.

---

சோளக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையை இப்படி மாற்றுகிறோம்: விவரணை, ஏக்கர், எந்தச் சட்டம், என்ட்ரி தேதி, பேட்டண்ட் தேதி, பெற்றவர், அடுத்து வாங்கியவர், குடியிருந்ததற்குச் சான்று. சான்று இல்லாத கட்டம் வெள்ளையாகவே இருக்கட்டும். இன்னும் ஒரு கேள்வி: ஒரு குடும்பம் செஞ்சுரி ஃபார்ம் பலகைக்கு இந்த வரைபடத்தையே ஆதாரமாகக் காட்டலாமா என்று கேட்கிறது.

---

ரெக்கார்டர் ஜன்னல் எழுதியது:

வரைபடத்தைக் காட்டிப் பலகை வாங்க முடியாதுங்க. அயோவாவில் அந்தத் திட்டம் 1976 முதல் இருக்கிறது. நூறு வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும், முதலில் வாங்கிய நிலத்தில் 40 ஏக்கராவது இன்னும் மிஞ்சியிருக்க வேண்டும். 150 வருஷமானால் ஹெரிட்டேஜ் ஃபார்ம். நிலம் வந்த வழியை அப்ஸ்ட்ராக்ட், டீட், புரோபேட் மூலம் ஒவ்வொரு தலைமுறைக்கும் காட்ட வேண்டும். பெரும்பாலும் தடுக்குவது மகள் வழி. கல்யாணத்தில் பெயர் மாறியிருக்கும், பத்திரத்தில் உறவு எழுதியிருக்காது. கல்யாணச் சான்றின் நகலைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். உறை மேலே 1902 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் டீடின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் உறைக்கும் உள்ளே உள்ள பத்திரத்துக்கும் சம்பந்தம் இருக்காது.